டைம்ஷேர் எக்ஸ்சேஞ்சில் போகிறவர்களுக்கு: ரிசார்ட் கேட்கும் கூடுதல் கட்டணத்தை முன்பே கண்டுபிடிப்பது, குறைப்பது, திரும்பப் பெறுவது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டைம்ஷேர் எக்ஸ்சேஞ்சில் மூணாறுக்கோ கோவாவுக்கோ போய் இறங்கும் குடும்பத்துக்கு ரிசப்ஷன் கவுண்டரில் பல நேரம் இதுதான் நடக்கிறது. டைம்ஷேர் என்பது ஒரு ரிசார்ட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை வாங்கி வைப்பது, அந்த வாரத்தை வேறு ரிசார்ட்டின் வாரத்தோடு மாற்றிக்கொள்வது எக்ஸ்சேஞ்ச். அறை வாடகை இல்லை என்று நம்பிப் போயிருப்பார்கள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் யுட்டிலிட்டி சார்ஜ், அமெனிட்டி ஃபீஸ், கட்டாயக் காலைச் சாப்பாடு, டெபாசிட் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். இரவெல்லாம் ரயிலில் வந்த களைப்பு ஒரு பக்கம், தூங்கி வழியும் பிள்ளைகள் ஒரு பக்கம். அந்த நிலையில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, கார்டை நீட்டிவிடுவார்கள்.

கட்டணம் கேட்பதே தவறு என்று சொல்ல முடியாது. நீங்கள் எக்ஸ்சேஞ்சை உறுதி செய்யும் முன்பே அது தெரிவிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. அதனால் இந்த விஷயத்தில் முக்கால்வாசி வேலை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உங்கள் வீட்டு மேசையில், கன்ஃபர்ம் பட்டனை அழுத்தும் முன்பே முடிந்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் ரிசப்ஷனில் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

எக்ஸ்சேஞ்ச் விருந்தினரிடம் மட்டும் ஏன்?

பணம் எந்த வழியில் போகிறது என்று தெரிந்தால்தான் கவுண்டரில் சரியாகப் பேச முடியும். நீங்கள் உங்கள் சொந்த ரிசார்ட்டுக்கு ஆண்டுதோறும் மெயின்டனன்ஸ் கட்டணம் கட்டுகிறீர்கள். உங்கள் வாரத்தை எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திடம் டெபாசிட் செய்து, அதாவது ஒப்படைத்து, வேறொருவர் டெபாசிட் செய்த வாரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். 1974-இல் தொடங்கிய ஆர்சிஐ, 1976-இல் தொடங்கிய இன்டர்வெல் இன்டர்நேஷனல் இரண்டும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. இடையில் நீங்கள் கட்டும் எக்ஸ்சேஞ்ச் ஃபீஸ் அந்த நிறுவனத்துக்குப் போகிறது. நீங்கள் கட்டிய மெயின்டனன்ஸில் ஒரு ரூபாய்கூட நீங்கள் தங்கப்போகும் ரிசார்ட்டுக்குப் போவதில்லை.

"உங்களால் எங்களுக்கு வருமானம் எதுவும் இல்லை, அதனால்தான் வாங்குகிறோம்" என்று ரிசார்ட் சொல்வது இதனால்தான். அதில் பாதிதான் உண்மை. நீங்கள் தங்கும் வாரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். டெபாசிட் செய்ய வேண்டுமானால் அவர் அந்த ஆண்டு மெயின்டனன்ஸைப் பெரும்பாலும் முன்பே கட்டியிருக்க வேண்டும். ஆக, அந்த அறையின் துப்புரவு, காவல், நீச்சல்குளம், தோட்டம் எல்லாவற்றுக்கும் ரிசார்ட்டுக்குப் பணம் வந்தாயிற்று. அதே செலவுக்கு உங்களிடம் மறுபடி வாங்குவதற்கு வலுவான நியாயம் இல்லை. விலக்கு ஒன்று உண்டு. விற்காமல் கிடக்கும் அறைகளை ரிசார்ட்டைக் கட்டிய நிறுவனமே எக்ஸ்சேஞ்சில் போட்டிருக்கலாம். அந்த அறைகளுக்கு இந்த வாதம் அவ்வளவாக எடுபடாது.

ரிசார்ட்டை நடத்தும் சங்கத்தில் ஓட்டுப் போடுவது அங்கே வாரம் வாங்கியிருக்கும் ஓனர்கள்தான், எக்ஸ்சேஞ்சில் வருகிறவருக்கு அங்கே ஓட்டில்லை. ஆண்டுக் கட்டணத்தை ஏற்றினால் ஓனர்கள் சத்தம் போடுவார்கள். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறவரிடம் வாங்கினால் கேட்க ஆளில்லை. கட்டணம் இந்தப் பக்கம் சாய்வதற்கு இதுவும் முக்கியமான காரணம்.

என்னென்ன பெயரில் வரும்

யுட்டிலிட்டி சார்ஜ் என்பது மின்சாரம், தண்ணீர், சமையல் எரிவாயு ஆகியவற்றுக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போடும் இடங்களும் உண்டு, மீட்டர் பார்த்து வாங்கும் இடங்களும் உண்டு. மீட்டர் முறைதான் நியாயமானது, ஏசி ஓடிய அளவுக்குப் பணம். ஆனால் உள்ளே போனவுடன் மீட்டரைத் தேதி நேரத்தோடு போட்டோ எடுக்காவிட்டால் முந்தைய குடும்பம் ஓட்டிய யூனிட்டும் உங்கள் தலையில் விழும்.

ரிசார்ட் ஃபீஸ் அல்லது அமெனிட்டி ஃபீஸ் என்பது வைஃபை, நீச்சல்குளம், ஜிம், பார்க்கிங் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வாங்குவது. நீங்கள் குளத்தில் கால்கூட நனைக்காவிட்டாலும் கட்ட வேண்டும் என்பார்கள். கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டிய முதல் கட்டணம் இதுதான்.

கட்டாயச் சாப்பாடுதான் பணம் அதிகம் கரையும் இடம். மெக்சிகோ, கரீபியன் பக்கத்துச் சில ரிசார்ட்டுகளில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று எல்லாச் சாப்பாடும் சேர்ந்த கட்டணம் கட்டினால்தான் அறைச் சாவி தருவார்கள். நம் நாட்டில் இது காலைச் சாப்பாட்டுத் திட்டமாக வரும். இல்லாவிட்டால் டிசம்பர் 24, 31 இரவுகளில் ‘காலா டின்னர்’ என்ற பெயரில் வரும். அந்த இரவுகள் உங்கள் வாரத்துக்குள் விழுந்தால், அறை இலவசம் என்றாலும் விருந்துக்கு ஆள்கணக்கில் பணம் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு எந்த வயதிலிருந்து முழுக் கட்டணம் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். 5 வயது என்பதற்கும் 12 வயது என்பதற்கும் பில்லில் பெரிய வித்தியாசம்.

கூடுதல் ஆள் கட்டணத்தில் நம் குடும்பங்கள் அதிகம் மாட்டுகின்றன. எக்ஸ்சேஞ்ச் பட்டியலில் அறையின் அளவை 4/2, 6/4 என்று போட்டிருப்பார்கள். முதல் எண் அதிகபட்சமாக எத்தனை பேர் தங்கலாம் என்பது. இரண்டாவது, மறைவான படுக்கை வசதி எத்தனை பேருக்கு என்பது. 4/2 என்றால் இரண்டு பேருக்குத்தான் படுக்கையறை, மற்ற இரண்டு பேர் ஹாலில் சோபா மெத்தையில். அம்மா அப்பாவையும் சேர்த்து ஆறு பேர் 4/2 அறைக்குப் போனால் கூடுதல் கட்டணத்தோடு முடிந்தால் அதிர்ஷ்டம். ‘இன்னொரு அறை எடுங்கள்’ என்று சொல்ல ரிசார்ட்டுக்கு உரிமை உண்டு.

இவை தவிர தினசரி ஹவுஸ்கீப்பிங், சாவி கார்டு தொலைந்தால் அபராதம், கழுவாமல் விட்ட பாத்திரத்துக்குக் கட்டணம், மதியம் 2 அல்லது 3 மணிக்கு முன்னால் அறை கேட்டால் எர்லி செக்-இன் கட்டணம் என்று சில்லறைகள் உண்டு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி நேரே மாமல்லபுரம் போகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் கட்டணம் கிட்டத்தட்ட உறுதி. அறை மதியம்தான் கிடைக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, பெட்டிகளை லக்கேஜ் ரூமில் வைத்துவிட்டுக் கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போய்விடுவது மேல்.

சமையலறை உள்ள அறை என்று எடுத்தால் ஒரு கேள்வி தனியாகக் கேளுங்கள்: மீன் பொரிக்கலாமா? குளச்சல், முட்டம் பக்கத்துக் குடும்பத்துக்கு இது சாதாரண விஷயம். சில ரிசார்ட்டுகளில் அறைக்குள் மீன், கருவாடு சமைத்தால் வாடை போகச் சிறப்புத் துப்புரவு என்று தனிக் கட்டணம் போட்டுவிடுவார்கள். அடுப்பு இருந்தும் சூடாக்க மட்டும்தான் அனுமதி என்று சொல்லும் இடங்களும் உண்டு.

அரசு வரி வேறு, ரிசார்ட் கட்டணம் வேறு

கவுண்டரில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள், நீங்கள் பிரித்துப் பாருங்கள். அரசு வரியோடு சண்டை போட்டுப் பயனில்லை. துபாயில் டூரிசம் திர்ஹாம் என்று அறைக்கு ஓர் இரவுக்குத் தரத்தைப் பொறுத்து 7 முதல் 20 திர்ஹாம் வரை உண்டு. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். மாலத்தீவு ரிசார்ட்டுகளில் 2025 ஜனவரி 1 முதல் பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். நான்கு பேர் ஏழு இரவு தங்கினால் அதுவே 336 டாலர். பாலிக்குள் நுழையும்போது ஆளுக்கு ஒருமுறை 1,50,000 ரூபியா. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது அங்கேயே எக்ஸ்சேஞ்ச் வாரம் எடுக்கிறவர்கள் துபாய்க் கணக்கை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறை வாடகைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். எக்ஸ்சேஞ்சில் அறை வாடகை பூஜ்யம் என்பதால் இந்த வரி பில்லில் வரக் காரணமில்லை. யுட்டிலிட்டி, அமெனிட்டி என்று தனியாகப் போடும் கட்டணத்துக்குப் பெரும்பாலும் 18 சதவீதம் சேர்ப்பார்கள். அதனால் ‘ஒரு நாளைக்கு 600’ என்றால் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். திருப்பித் தரும் டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. டெபாசிட் மேல் வரி போட்ட ரசீது வந்தால் அது டெபாசிட் இல்லை, கட்டணம்.

கொடைக்கானல், ஊட்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அதை இணையத்தில் நீங்களே எடுக்கலாம், பணம் கிடையாது. ‘இ-பாஸ் சார்ஜ்’ என்று யாராவது பில்லில் போட்டால் அடிக்கச் சொல்லுங்கள்.

கன்ஃபர்ம் செய்வதற்கு முன்

முதலில் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் தளத்தில் அந்த ரிசார்ட்டின் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். படங்களுக்குக் கீழே, செக்-இன் நேரம், விமான நிலைய தூரம் போன்ற விவரங்களோடு ‘முக்கியத் தகவல்’ என்ற வகையில் ஒரு பகுதி இருக்கும். கட்டாயக் கட்டணம் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்தப் பக்கத்தை அன்றைய தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்கள் எடுத்த பிறகு அவர்கள் கட்டணத்தை அந்தப் பக்கத்தில் சேர்த்தால், எடுத்த அன்று அது இல்லை என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

அடுத்து ரிசார்ட்டுக்கு நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் கேட்டது கவுண்டரில் நிற்காது. ‘அப்படிச் சொன்னது யார் சார், பேர் தெரியுமா?’ என்பார்கள். மின்னஞ்சலில் வளவளப்பு வேண்டாம், இந்தக் கேள்விகள் போதும்:

- எக்ஸ்சேஞ்சில் வரும் விருந்தினர், இன்ன தேதி முதல் ஏழு இரவு, பெரியவர்கள் இத்தனை, பிள்ளைகள் இத்தனை (வயதோடு). செக்-இன் முதல் செக்-அவுட் வரை கட்டாயமாகக் கட்ட வேண்டிய எல்லாத் தொகையும் வரியோடு எவ்வளவு?
- இவற்றில் ஓனர்கள் கட்டாமல் எக்ஸ்சேஞ்ச் விருந்தினர் மட்டும் கட்டுவது எது?
- சாப்பாட்டுத் திட்டம் கட்டாயமா? அந்த வாரத்தில் கட்டாய விருந்து இரவு ஏதும் உண்டா?
- டெபாசிட் எவ்வளவு, ரொக்கமா, கார்டில் பிளாக் செய்வதா, எத்தனை நாளில் விடுவிப்பீர்கள்?
- மின்சாரம் மீட்டரா, மொத்தத் தொகையா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஓனருக்கும் உங்களுக்கும் பொதுவான கட்டணம் என்றால் அது அந்த இடத்தின் விலை. உங்களுக்கு மட்டும் என்றால் பேரம் பேசவும் பிறகு புகார் செய்யவும் இடம் உண்டு.

பதில் வர மூன்று நாள் ஆகலாம், அதற்குள் அந்த வாரம் வேறொருவருக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. நவம்பர் முதல் ஜனவரி வரை, ஏப்ரல், மே என்று கூட்ட மாதங்களில் அது நடக்கும். எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்களில் வாரத்தை உங்களுக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் ஹோல்டு வசதியோ, உறுதி செய்த பிறகும் ஒரு நாளைக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்யும் வசதியோ இருக்கலாம். உங்கள் உறுப்பினர் விதியில் அதைத் தேடி வைத்துக்கொண்டால், ஹோல்டு போட்டுவிட்டு ரிசார்ட்டுக்குப் போன் செய்து, அதே கேள்விகளை அன்றே மின்னஞ்சலிலும் கேட்டுவிடலாம். அவகாசம் முடிந்த பிறகு ரத்து செய்தால் எக்ஸ்சேஞ்ச் ஃபீஸ் போகும், டெபாசிட் செய்த வாரத்தின் மதிப்பும் குறையலாம்.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு ஆண்டு மெயின்டனன்ஸ் 22,000, எக்ஸ்சேஞ்ச் ஃபீஸ் 9,000 என்று வையுங்கள். ரிசார்ட் யுட்டிலிட்டி ஒரு நாளைக்கு 600 வீதம் ஏழு நாளுக்கு 4,200, அதற்கு 18 சதவீத வரி 756. கட்டாயக் காலைச் சாப்பாடு நான்கு பேருக்கு ஆளுக்கு 350 வீதம் ஏழு நாளுக்கு 9,800, அதற்கு 5 சதவீதம் 490. ரிசார்ட்டில் கட்டுவது மட்டும் 15,246. எல்லாம் சேர்த்து 46,246, ஓர் இரவுக்கு சுமார் 6,607 ரூபாய். டைம்ஷேர் வாங்கிய விலை இதில் இல்லை. அதே தேதிக்கு அதே ஊரில் காலைச் சாப்பாட்டோடு நல்ல ஹோட்டல் அறை 5,000 ரூபாய்க்குக் கிடைத்தால், எக்ஸ்சேஞ்சை விட்டுவிட்டு அங்கே ஹோட்டலில் தங்கி, உங்கள் வாரத்தைச் சொந்த ரிசார்ட்டிலேயே பயன்படுத்துவது புத்திசாலித்தனம். மெயின்டனன்ஸ் எப்படியும் கட்டியே ஆக வேண்டியது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். அந்த வாரத்தை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்றால் அவர்கள் சொல்வது சரி. பயன்படுத்த முடியும் என்றால் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உறுப்பினர் நீங்கள், தங்கப்போவது மகளும் மருமகனும் என்றால், உங்களுக்குப் பதிலாக அவர்கள் தங்குவதற்கான கெஸ்ட் சர்டிஃபிகேட் வேண்டும், அதற்குக் கட்டணம் தனி. அது எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துக்குப் போவது. அதில் எழுதிய பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் இருக்கட்டும். நம் ஊரில் அப்பா பெயரை இனிஷியலாக மட்டும் போடும் வழக்கத்தால் கவுண்டரில் சிக்கல் வருகிறது. கெஸ்ட் சர்டிஃபிகேட் எடுத்து அந்த வாரத்தை யாருக்காவது பணத்துக்குக் கொடுப்பது விதிமீறல், பிடிபட்டால் உறுப்பினர் கணக்கையே முடக்கலாம்.

கவுண்டரில்

கன்ஃபர்மேஷன், ரிசார்ட் அனுப்பிய பதில், ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் காகிதத்தில் எடுத்துப் போங்கள். மலைமேல் சிக்னல் இல்லாத இடத்தில் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. ஒருவர் மட்டும் கவுண்டருக்குப் போங்கள், மற்றவர்கள் பிள்ளைகளோடு வெளியே உட்காரட்டும். குடும்பமே சுற்றி நின்றால் ‘போகட்டும், கட்டிவிட்டு வாங்க’ என்று உங்கள் வீட்டிலேயே ஒரு குரல் எழும்.

புதிதாக ஒரு கட்டணம் சொன்னால் பேச்சு இப்படிப் போகட்டும்:

"சார், எக்ஸ்சேஞ்ச் கெஸ்ட்டுக்கு டெய்லி 600 ரூபா யுட்டிலிட்டி உண்டு."

"என் கன்ஃபர்மேஷன்ல இது இல்லையே தம்பி. எந்தத் தேதியில இருந்து வாங்குறீங்க?"

"மேனேஜ்மென்ட் பாலிசி சார்."

"சரி, அந்தப் பாலிசிய என் மெயிலுக்கு இப்பவே அனுப்புங்க. ஓனர்ஸ் வந்தாலும் இத வாங்குவீங்களா?"

குரலை உயர்த்த வேண்டாம். கவுண்டரில் நிற்கும் பையன் கட்டணத்தை வைத்தவன் இல்லை. அவனைத் திட்டினால் அவன் மேனேஜரைக் கூப்பிட மாட்டான், பொறுமையாகக் கேட்டால் கூப்பிடுவான். மேனேஜர் வந்ததும் அதே இரண்டு கேள்விகள். கையிலிருக்கும் அவர்களுடைய பதில் மின்னஞ்சலில் அந்தக் கட்டணம் இல்லை என்றால், பல நேரம் ‘இந்த ஒரு தடவை’ என்று விட்டுவிடுவார்கள்.

விடவில்லை, கட்டாமல் சாவி தரமாட்டார்கள் என்றால் கட்டிவிடுங்கள். ராத்திரி நேரத்தில் குடும்பத்தோடு வெளியே நிற்க வேண்டாம். ஆனால் பதிவேட்டிலோ ரசீதின் நகலிலோ கையெழுத்துக்கு மேலே ‘பெய்ட் அண்டர் ப்ரொட்டஸ்ட்’, அதாவது ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், என்று எழுதி, தேதி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடாவிட்டால் அங்கிருந்தே அதே வாசகத்தை ரிசார்ட்டுக்கும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். மனமொப்பிக் கட்டினார் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

ரொக்கம் கேட்டுத் துண்டுச் சீட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில் வேண்டும். 15 இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29, கோவா 30. மூணாறு ரிசார்ட் பில்லில் 32 இல்லாமல் வேறு எண் வந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டெபாசிட்டுக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் பிளாக் செய்தால் உங்கள் வரம்பு மட்டும் குறையும். டெபிட் கார்டில் உங்கள் வங்கிப் பணமே கைக்கு எட்டாமல் போய்விடும், திரும்ப நாள் ஆகும். வெளிநாடு என்றால் கார்டில் சர்வதேசப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் முன்பே திறந்து வையுங்கள், அது மூடியே இருக்கலாம். அங்கே மெஷினில் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே சொல்லுங்கள். ரூபாயில் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

இன்னொரு மேசைக்கு அனுப்பினால் கவனம். ‘பார்க்கிங் பாஸ் அங்கே வாங்கிக்கோங்க’, ‘ஒரு மணி நேரம் பிரசன்டேஷன் கேட்டால் ரிசார்ட் ஃபீஸைக் கழித்துவிடுகிறோம்’ என்பார்கள். அது புதிய உறுப்பினர் பதவி விற்கும் மேசை, ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாகும். நாலாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப் போய் நாலு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. பார்க்கிங் பாஸைக் கவுண்டரிலேயே தாருங்கள் என்று கேட்டால் போதும்.

அறைக்குள் போனதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மின் மீட்டர், சமையலறைப் பாத்திரப் பட்டியல், மெத்தைக் கறை, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே ரிசார்ட்டின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் வைத்திருந்தால் என்றைக்கு எடுத்தது என்று கேட்பார்கள்.

கன்னியாகுமரிக்கே எக்ஸ்சேஞ்சில் வருகிறவர்களுக்கு

சென்னை, பெங்களூரு உறவுகள் இங்கே வாரம் எடுத்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஐயப்ப சீசன் நவம்பரில் தொடங்கி ஜனவரியில் முடியும்வரை கூட்டம் உச்சத்தில் இருக்கும், எக்ஸ்சேஞ்ச் அறையும் அரிது. சூரிய உதயம் தெரியும் அறை என்று கூடுதல் பணம் கேட்டால், அது ஒதுக்கப்பட்ட அறையின் தரத்திலேயே அடங்கியதா, மேம்படுத்துவதற்கா என்று கேளுங்கள். மேம்படுத்துவது விருப்பம்தான், கட்டாயமில்லை. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு டிக்கெட்டைப் பூம்புகார் கப்பல் கழகக் கவுண்டரில் நேரே வாங்கலாம், ரிசார்ட் ‘பேக்கேஜ்’ தேவையில்லை. அங்கிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போய்விடலாம்.

ஊர் திரும்பிய பிறகு

செக்-அவுட்டில் பில்லை வரி வரியாகப் பாருங்கள். ரெஸ்டாரண்ட் பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாக ஏறியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

முதல் வேலையாக எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் அனுப்பும் கமென்ட் கார்டை, அதாவது கருத்துப் படிவத்தை, நிரப்புங்கள். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஆர்சிஐ-யின் கோல்டு கிரவுன், சில்வர் கிரவுன் தரங்களில் விருந்தினர் தரும் மதிப்பெண்ணுக்குப் பங்கு உண்டு, ரிசார்ட்டுக்கு வலிக்கும் இடம் அது. ‘மோசம்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘கன்ஃபர்மேஷனில் இல்லாத 4,956 ரூபாய் செக்-இன்னில் கட்டாயமாக வாங்கப்பட்டது, ஓனர்களிடம் வாங்குவதில்லை’ என்று தொகையோடு எழுதுங்கள். கூடவே எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ரிசார்ட் வாங்கும் கட்டணத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று அவர்கள் தங்கள் விதியைக் காட்டுவார்கள். அதோடு விடாமல், ரிசார்ட் பக்கத்தில் அந்தக் கட்டணம் ஏன் குறிப்பிடப்படவில்லை என்று கேளுங்கள். அந்தப் பக்கம் அவர்களுடையது.

கார்டில் கட்டியிருந்தால் ஸ்டேட்மென்ட் வந்ததும் வங்கியில் டிஸ்பியூட் எழுப்பலாம். சேவையே கிடைக்கவில்லை, சொன்னதைவிட அதிகம் எடுத்துவிட்டார்கள் என்பவை எடுபடும். நீங்களே பின் போட்டுக் கட்டிய தொகைக்கு வெற்றி வாய்ப்பு குறைவு. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம்.

இந்தியாவுக்குள் உள்ள ரிசார்ட் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். முன்பே சொல்லாமல் கடைசி நேரத்தில் விலையை ஏற்றுவதற்கு ‘டிரிப் பிரைசிங்’ என்று பெயர். இணையத்தில் வாங்குகிறவரை ஏமாற்றும் தந்திரங்களுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர்; 2023 நவம்பர் 30-இல் வந்த அதற்கான வழிகாட்டுதல் தடை செய்யும் 13 தந்திரங்களில் டிரிப் பிரைசிங்கும் ஒன்று. வாரத்தை இணையத்தில் எடுத்திருந்தால் புகாரில் இந்தப் பெயரையே போடுங்கள், படிப்பவருக்கு எந்த விதியில் வருகிறது என்று உடனே புரியும்.

அமெரிக்காவில் 2025 மே 12 முதல், குறுகிய காலத் தங்குமிடங்களுக்கு விலை விளம்பரம் செய்யும்போதே கட்டாயக் கட்டணத்தைச் சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி அமலில் இருக்கிறது. அங்குள்ள ரிசார்ட்டுக்கு எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் வெளிநாட்டு ரிசார்ட்டிடம் இங்கிருந்து வழக்காடிப் பணம் திரும்பப் பெறுவது கடினம். அங்கே உங்கள் பலமெல்லாம் போவதற்கு முன் வாங்கிய மின்னஞ்சல்தான்.

உதவி எண்ணில் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். ரிசார்ட் மூணாறில் இருக்கிறதே, இடுக்கிக்கு அலைய வேண்டுமா என்று தயங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். குமரி மாவட்டக்காரர்களுக்கு அது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். அதற்கு முன் ரிசார்ட்டுக்கும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கன்ஃபர்மேஷன், ஸ்கிரீன்ஷாட், பதில் மின்னஞ்சல், ஜிஎஸ்டி பில், ஆட்சேபக் குறிப்பின் படம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் பக்க எண் போட்டு அடுக்குங்கள். பணம் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

டைம்ஷேர் கணவர் பெயரில் இருக்கும், அவர் வளைகுடாவில் வேலை பார்ப்பார், பிள்ளைகளோடு போய்த் தங்கி பில் கட்டியது மனைவி. இப்படிப்பட்ட வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய. கணவர் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் அந்தச் சட்டத்தின்படி நுகர்வோர்தான். கெஸ்ட் சர்டிஃபிகேட்டின் நகலையும் உங்கள் பெயரிலுள்ள பில்லையும் இணைத்து, நீங்களே மனுதாரராக இருந்து புகார் பதியலாம்.